சாய்தளம் போட்டாயிற்று, சரி. கழிப்பறை?

கட்டடம் எழும்பி, பெயின்ட் அடித்து, திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பிறகுதான் பலருக்குச் சக்கர நாற்காலி ஏறுவதற்கான சாய்தளத்தின் ஞாபகமே வருகிறது. மிச்சமிருக்கும் இடத்தில் சிமென்ட்டைக் கொட்டிச் சரித்துவிடுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கணக்கு எளிது. ஓர் அடி ஏற 12 அடி நீளம் வேண்டும். வாசல் இரண்டடி உயரத்தில் இருந்தால் சாய்தளம் 24 அடி ஓட வேண்டும். மேலும் கீழும் நாற்காலி நின்று திரும்பச் சமதளம், இருபுறமும் கைப்பிடி எல்லாம் அதற்கு மேல். அதையே எட்டடியில் முடித்தால் சக்கர நாற்காலியில் வருகிறவரால் தானாக ஏற முடியாது. இறங்கும்போது ஆளையே கவிழ்த்துவிடும். வரைபடம் போடும்போதே யோசித்திருந்தால் பல இடங்களில் அந்தப் படிகளே தேவைப்பட்டிருக்காது.

உள்ளே போன பிறகு? கழிப்பறையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. வெளியே போனால் வழியிருக்காது என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டியது என்ன? 90 செ.மீ. அகலக் கதவு, நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம், பிடித்து எழச் சுவரில் கம்பி. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறந்தால், உள்ளே ஒருவர் விழுந்துவிட்டபோது அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், காப்பாற்றப் போகிறவரால் திறக்க முடியாது. இத்தனையும் ஒழுங்காகக் கட்டிவிட்டு, பூட்டுப் போட்டு உள்ளே துடைப்பமும் வாளியும் அடுக்குவது கொடுமை.

‘எல்லோருக்குமான வடிவமைப்பு’ என்ற கருத்தை முன்வைத்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்ட் மேஸ், சிறுவயதில் போலியோ தாக்கிச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். அவர் தலைமையிலான குழு 1997இல் வெளியிட்ட ஏழு கொள்கைகளில் முதலாவதே, யாரையும் பிரித்து ஒதுக்கக் கூடாது என்கிறது. மற்றவர்களுக்கு முன்வாசல், இவர்களுக்குக் குப்பைத் தொட்டி பக்கத்துப் பின்வாசல் என்று வைத்தால் அது வசதியா? அவமானம். கதவில் குமிழுக்குப் பதில் நீளக் கைப்பிடி, மாடி எண்ணைச் சொல்லும் லிஃப்ட், படி விளிம்பில் பளிச்சென்று ஒரு கோடு என்று வைத்துப் பாருங்கள். கையில் குழந்தையோடு வருகிறவர், பார்வை மங்கிய பாட்டி, காலில் கட்டுப் போட்டவர், எல்லோருக்கும் அவை உதவும்.

“இங்கே அப்படி யாரும் வருவதில்லையே” என்பார்கள். வர முடிந்தால்தானே வருவார்கள்! செலவு என்பார்கள். வரைபடத்தில் கதவை அகலமாக்க ஒரு கோட்டை நகர்த்தினால் போதும். சுவரை எழுப்பிவிட்டு உடைப்பதுதான் செலவு.

என் கோரிக்கை இது. கட்டடத்துக்கு நிறைவுச் சான்று தருவதற்கு முன் சக்கர நாற்காலி பயன்படுத்துகிற ஒருவரும் பார்வையற்ற ஒருவரும் யார் துணையுமின்றி உள்ளே போய், கழிப்பறையைப் பயன்படுத்தி, வெளியே வந்து சரி என்று சொல்லட்டும். அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள்.