மைக்ரோகெர்னல் என்றாலே மெதுவா?

மைக்ரோகெர்னல் என்பது மிக அவசியமான வேலைகளை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு, மற்றதைத் தனித்தனிப் புரோகிராம்களிடம் விட்டுவிடும் சிறிய இயங்குதள மையம். பாபநாசம் பக்கம் போர்செட்டுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் தம்பிக்கு, "மைக்ரோகெர்னல் வேண்டாம், அதில் ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போவது எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும்" என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள்.

அண்ணே, மாக் (Mach) என்ற பழைய மைக்ரோகெர்னலுக்கு அது சரி. எல்லாவற்றுக்கும் பொருந்தாது. 1993-இல் யோகன் லீட்கே என்ற கணினி விஞ்ஞானி 50 மெகாஹெர்ட்ஸ் 486 பிராசஸரில் அளந்து காட்டினார்: 8 பைட் செய்திக்கு மாக் 115 மைக்ரோவினாடி எடுத்தது, அவரே எழுதிய எல்3 மைக்ரோகெர்னல் சுமார் 5. சிப் ஒன்றேதான், மாறியது வடிவமைப்பு. சின்னச் செய்தியை மெமரியில் நகலெடுக்காமல், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்னச் சேமிப்பிடமான ரெஜிஸ்டரிலேயே கொடுத்தார். அடுத்து எந்தப் புரோகிராம் ஓடணும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் வழியாகப் போகாமல், பெறுகிற புரோகிராமுக்கே நேராக மாறினார். அந்த வேலைப்பாடு எனக்கு இன்றும் வியப்புதான்.

நீங்களே சரிபார்க்கலாம். எஸ்ஓஎஸ்பி என்ற இயங்குதள மாநாட்டில் லீட்கே இதை எழுதிய கட்டுரை இணையத்தில் இருக்கிறது, அட்டவணையைப் பாருங்கள். இன்றைய நிலைக்கு, எஸ்இஎல்4 (seL4) என்ற மைக்ரோகெர்னலின் இணையதளத்தில், செயல்திறன் பக்கத்தில், செய்திக்கு எத்தனை சைக்கிள் (பிராசஸர் கடிகாரத் துடிப்பு) என்று பிராசஸர் வாரியாகப் போட்டிருக்கிறார்கள். அதை அளக்கும் எஸ்இஎல்4பெஞ்ச் என்ற புரோகிராம் திறந்த மூலம். அது ஓடும் போர்டு கையில் இருந்தால் ஓட்டியே பார்த்துவிடலாம்.