கபாபோடு நிறுத்திவிட்டீர்களே!

லாஸ் ஏஞ்சலஸ் ஈரானியர்களின் சாப்பாடு பற்றிய உங்கள் கட்டுரை அருமை. ஆனால் முழுக்கக் கபாப்தானா? 1979 ஈரான் புரட்சிக்குப் பின் வந்து, அந்நகரின் வெஸ்ட்வுட் பகுதியில் ஓட்டல் போட்டவர்களுக்குக் கபாப் வசதியான வியாபாரம், அவ்வளவுதான். வீட்டுச் சமையல் என்றால் கோர்மே சப்ஸி என்ற கீரைக் குழம்புதான்! பார்ஸ்லி, கொத்தமல்லி, வெந்தயக்கீரையைப் பொடியாக அரிந்து, கரும்பச்சையாகும்வரை எண்ணெயில் வதக்கி, ஆட்டுக்கறி, ராஜ்மா, துளையிட்ட காய்ந்த எலுமிச்சை சேர்த்து மணிக்கணக்கில் கொதிக்கவிடுவார்கள். பச்சைக் கீரை கிடைக்காத ஊர்களில் உலர்கீரைப் பொட்டலம்தான் கதி. மணம் குறைவுதான், என்ன செய்ய? தஹ்தீக்கையும் விட்டுவிட்டீர்கள். பானையடியில் பொன்னிறமாக மொறுமொறுவென்று பிடிக்கும் சோறு அது. மூடியில் துணி சுற்றி, தீயைத் தணித்து, பொறுமையாக இருந்தால்தான் வரும். விருந்தில் முதலில் காலியாவதும் அதுதான், கபாப் அல்ல.