ஓசி பாஸ் கேட்கும் பண்பாட்டுக் காவலர்களே!

தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில் நம் தமிழ்ப் பண்பாடு அழிகிறது என்று மைக் கிடைத்த இடத்திலெல்லாம் மூக்கைச் சிந்துகிற பெரியவர்களே, போன சனிக்கிழமை ராத்திரி எங்கே போயிருந்தீர்கள்?

பல்கலைக்கழகத்து நாடகத் துறைப் பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். இரண்டாம் வருஷம் படிக்கிற என் மகளும் அதில் உண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் வந்து நம் ஆட்களை இறக்கிய கதை. கரும்புத் தோட்டம், விடிய விடிய தெருக்கூத்து (இங்கே பாதிப் பேருக்கு ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்றால்தான் தெரியும்), எல்லாம் வருகிறது. இங்கிலீஷ் நாடகம்தான், நடுநடுவே தமிழும் இந்த மண்ணின் ஜுலு மொழியும்.

டிக்கெட் 80 ராண்ட். அந்தக் காசுக்கு ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றித் தருகிற மட்டன் ‘பன்னி சாவ்’கூட வராது. அதற்குத்தான் என் போனில் "தங்கச்சி, நாலு பாஸ் எடுத்து வை" என்று வரிசையாக மெசேஜ். சங்கத்துப் பெரிய மனிதர் ஒருவர் "நாங்க வந்தா உங்களுக்குத்தானேம்மா பெருமை" என்கிறார். இதே மனிதர் இந்தியாவிலிருந்து சினிமாப் பாட்டுக்காரர் வந்தால் ஆயிரம் ஆயிரமாக எண்ணி வைத்து முன்னால் உட்கார்ந்து செல்ஃபி போடுவார். அப்போது காசு வலிக்காது.

சரி, ஓசியிலாவது வந்து தொலைந்தார்களா? பிள்ளைகள் பேர் பேராக அச்சடித்து முதல் வரிசை நாற்காலிகளில் ஒட்டி வைத்திருந்தார்கள். மணி ஏழு. ஒருத்தரையும் காணோம். மேடை வெளிச்சத்தில் நிற்பவனுக்குப் பின்வரிசை இருட்டு, முதல் வரிசை நன்றாகத் தெரியும். பேர் ஒட்டின காலி நாற்காலியைப் பார்த்து வசனம் பேசிப் பாருங்கள் ஒருநாள். பிள்ளைகளுக்கு இந்த நாடகம் பொழுதுபோக்கும் இல்லை. பரீட்சை! ஆசிரியர்கள் நோட்டோடு உட்கார்ந்து மார்க் போடுகிறார்கள்.

ஏழு இருபத்தைந்துக்கு ஒரு குடும்பம் வந்தது, கையில் சிப்ஸ் பாக்கெட்டோடு. "எங்க அண்ணன் மக நடிக்கிறா, கதவைத் தொறப்பா." வாசலில் நின்றவன் முதலாம் வருஷத்துப் பையன், பெரியவர்களாயிற்றே என்று திறந்துவிட்டான். அந்த ஆன்ட்டி போனில் டார்ச் போட்டு இடம் தேடினார். மேடையில் அந்த நேரம் ஒரு தாய் தன் பிள்ளையை மண்ணில் புதைத்துக்கொண்டிருந்தாள். டார்ச் வெளிச்சம் நேராக அவள் முகத்தில். இடைவேளையில் அதே ஆன்ட்டி என்னிடம் "இதைப் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று வேறு கேட்டார். பதில் நுனி நாக்கு வரை வந்தது. மகள் மார்க்கை நினைத்து விழுங்கிவிட்டேன்.

கூத்தில் முதலில் வந்து கதையை எடுத்துச் சொல்லுகிற கட்டியக்காரன் வேஷம் கட்டினவன் யார் தெரியுமா? டர்பனுக்குத் தெற்கே உம்லாசியிலிருந்து வருகிற ஜுலுப் பையன். என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, மகள் சொல்லச் சொல்ல, "வந்தேனய்யா சபைக்கு வந்தேன்" என்று ஒவ்வொரு அட்சரமாகப் பிடித்தான். ஒத்திகை முடிய ராத்திரி ஒன்பதாகும். அதற்கப்புறம் டாக்சி (இங்கே பலரும் சேர்ந்து போகிற வேன்) கிடைப்பது பெரும்பாடு. அவன் பாட்டி இரண்டு டாக்சி மாறி, காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, ஆறரைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். தமிழில் ஒரு சொல் தெரியாது, பேரன் வாயைத் திறந்ததும் கைதட்டினார் பாருங்கள்! சாட்ஸ்வொர்த்தில் வாசலில் ரெண்டு கார் நிறுத்தியிருக்கும் நம் ஆட்களுக்குத்தான் தூரமாம்.

இதில் எரிச்சல் என்னவென்றால், பழைய காலத்தை நேரில் பார்த்தவர்கள் இவர்கள். 1961-ல் இந்தியப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய கல்லூரி சாலிஸ்பரி தீவில், கடற்படை விட்டுப்போன கட்டடங்களில் நடந்தது. 1965-லிருந்து பல இனத்தாரும் ஓர் அரங்கில் சேர்ந்து உட்காரவும், சேர்ந்து நடிக்கவும் நிறவெறி அரசாங்கத்தின் அனுமதி வேண்டியிருந்தது. இப்போது எந்த அரங்கிலும் எந்த நாற்காலியிலும் உட்காரலாமே, வந்து உட்காருங்களேன் அய்யா!

செப்டம்பரில் அடுத்த நாடகம். பேர் ஒட்டுகிற வேலை இனி வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். டிக்கெட் அதே 80 ராண்ட். ஏழு மணிக்குக் கதவு சாத்தப்படும். இந்தமுறை வாசலில் நிற்கப்போவது அந்தச் சின்னப் பையன் இல்லை, நான்.