பாப்பா, இதுக்கு என்ன பேரு?

எனக்கு 49 வயது. என்னைப் "பாப்பா" என்று கூப்பிட இன்னும் ஒருவர் இருக்கிறார். என் பெரியப்பா, வயது 78. எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுப் பாசனம். மூணாறு தலைப்பு என்கிற மதகில், காவிரிக் கிளையான வெண்ணாற்றிலிருந்து பாமணியாறும் கோரையாறும் பிரிகிறதே, அந்தக் கோரையாறுதான். கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே வேலை என்றானபோது லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தேன். இப்போது மாதத்தில் பாதி நாள் இங்கே, பாதி நாள் சென்னை.

வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அலுவலகத்தில் ஒன்று நடந்தது. கணக்குப் பிரிவில் புது மென்பொருள் வந்தது. பயிற்சிக்குப் பேர் கொடுக்கப் போனேன். "உங்களுக்கு எதுக்கு மேடம் சிரமம், சின்னப் பசங்க பாத்துப்பாங்க" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வயதாகிவிட்டது என்று முதன்முதலாக நம்பிய நாள் அது.

இளமையாக இருப்பதற்கு வழி சொல்லிக் கூட்டம் கூட்டமாக வீடியோ வருகிறது. நடைப்பயிற்சி நல்லதுதான், செய்யுங்கள். நான் சொல்ல வந்தது வேறு.

பெரியப்பா 2024-இல்தான் ஸ்மார்ட்போன் பிடிக்கக் கற்றுக்கொண்டார். காரணம் எங்களுக்குத் தண்ணீர் விடுகிற மேட்டூர் அணை. வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12 அந்த வருஷம் வந்து போனது, அணையில் தண்ணீர் இல்லை. ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். நாற்றங்கால் விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் தவித்த அந்த வாரங்களில், 120 அடி அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்று தினமும் யாரிடமாவது கேட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள், "பாப்பா, அத எப்படிப் பாக்குறதுன்னு எனக்கே சொல்லிக்குடு" என்றார். 76 வயதுக்கு மேல் ஏன் இந்தச் சிரமம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் வருமா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கற்றுக்கொடுக்க உட்கார்ந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி. "இதுக்கு என்ன பேரு? அப்டேட்னா என்ன? அது எதுக்கு அப்பப்ப கேக்குது?" ஒருமுறை ஏதோ பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னும் பச்சை பிடிக்கல போலருக்கு" என்றார்.

அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. சேடை ஓட்டி, அதாவது தண்ணீர் கட்டிச் சேறாக உழுது, பரம்படித்துச் சமப்படுத்திய வயலில் நட்ட நாற்று முதல் சில நாள் வாடி, மஞ்சளடித்து நிற்கும். பார்த்தால் செத்துவிட்டது போலத் தெரியும். வேர் பிடித்து நிமிர்ந்தால் பச்சை பிடித்துவிட்டது என்பார்கள். அப்புறம் அடியில் கிளைத்துத் தூர் கட்டும். பிறகு கதிர் உள்ளேயே திரண்டு நிற்கிற பொதி. கதிர் தோகைக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கையில் தொண்டைக்கதிர். அதன் பின் பூக்கும், பால் பிடிக்கும், தலை சாயும். காத்திருக்கிற ஒவ்வொரு கட்டத்துக்கும் இந்த மனிதர்களிடம் ஒரு பெயர் இருக்கிறது. பெயர் இருப்பதால் கவனமும் இருக்கிறது. எந்த நாளில் தண்ணீர் கட்ட வேண்டும், எந்த நாளில் காயவிட வேண்டும் என்பதெல்லாம் அந்தப் பெயர்களோடு சேர்ந்தே வருகிறது.

என் வேலையில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: இன் ப்ராக்ரஸ். 24 வருஷம் அந்தச் சொல்லைத் தட்டச்சு செய்திருக்கிறேன். அதற்குள் என்ன வாடுகிறது, என்ன வேர் பிடிக்கிறது என்று கேட்டதில்லை. கூட்டங்களில் அலைன்மென்ட் என்பார்கள், பேண்ட்வித் என்பார்கள். யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள். கேட்டால் தெரியாதவர் ஆகிவிடுவோமே என்ற பயம். அந்தப் பயம்தான் நம்மைக் கிழடாக்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேலைப்பளுகூட அதற்கு அப்புறம்தான்.

ஆங்கிலச் சொல் கூடாது என்று சொல்ல வரவில்லை. பெரியப்பாவே டிராக்டர், ரொட்டவேட்டர், போர்செட் என்றுதான் பேசுகிறார். கொள்முதல் நிலையத்தை டிபிசி என்கிறார். ஆனால் அவர் வாய்க்கு வருகிற எந்தச் சொல்லும் அவருக்குத் தெரிந்த ஒரு பொருளைக் குறிக்கிறது. எங்கிருந்து வந்த சொல்லானாலும் கையால் தொட்டுப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்கிறார்.

கேள்வி கேட்டு வளர்ந்தவர்களுக்கு நம் பக்கத்தில் பஞ்சமே இல்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையரிடம் 1880-இல் முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியார் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். அவரும் அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கினார். அதெல்லாம் படித்து என்ன பயன், சமணக் காப்பியமான சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்டுவிட்டார். வாத்தியார் வேலையில் இருப்பவரிடம் இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும்? ஐயர் அந்த நூலின் பிரதியை வாங்கிக்கொண்டு முதலிலிருந்து தொடங்கினார். சமணக் கருத்துகள் புரியாதபோது கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப் போய் மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டார். 1887-இல் நூல் அச்சில் வந்தது. அதற்குப் பிறகும் 1942-இல் மறையும்வரை ஏட்டுச் சுவடிகளோடுதான் வாழ்ந்தார்.

நான் இந்த வருஷம்தான் வயலுக்குத் தண்ணீர் நுழைகிற வாமடை எது, வெளியேறுகிற வடிகால் எது என்று தெரிந்துகொண்டேன். நம்ப மாட்டீர்கள், இந்த ஊரில் பிறந்தவள் நான். விடிகாலையில் பெரியப்பாவுக்கு டார்ச் பிடிக்கப் போனபோது மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். வாமடையில் இரண்டு வெட்டு மண் எடுத்துப் போட்டேன். தண்ணீர் முதலில் தயங்கியது. பிறகு காய்ந்த புல்லையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, சலசலவென்று என் கால்விரல்களைச் சுற்றி உள்ளே போனது. எட்டு வயதில் ஆடிப் பதினெட்டுக்குச் சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றங்கரைக்கு ஓடியபோது இருந்த மனசு எனக்குள் அப்படியே இருக்கிறது என்று அப்போது தெரிந்தது.

போன மாதம் அலுவலகத்தில் அந்த மென்பொருள் பயிற்சி மறுபடி வந்தது, பேர் கொடுத்தேன். கூட இருப்பவர்கள் எல்லோரும் இருபத்தைந்து, முப்பது. புரியாத இடத்தில் கையைத் தூக்கிக் கேட்கிறேன். இரண்டாவது வாரத்திலிருந்து அவர்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நேற்றுச் சாயங்காலம் பெரியப்பா புதிதாக ஒன்று கேட்டார். "போட்டோவெல்லாம் கிளவுட்ல இருக்குங்குறியே பாப்பா, அது எந்த ஊருல இருக்கு?" வாயைத் திறந்தேன், பதில் சொல்லத் தெரியவில்லை. தினமும் அதில்தான் வேலை பார்க்கிறேன். வியாழக்கிழமை எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் முறை. வரப்பில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அதைத்தான் கேட்பார். அதற்குள் படித்து, அவருக்குச் சொல்கிற மாதிரி தமிழில் யோசித்து வைக்க வேண்டும்.