டிஸ்கோவை வெடிவைத்துத் தகர்த்த ஊரில்தான் ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தது

"டிஸ்கோ மவுசு குறைஞ்சு தானா செத்துப்போச்சு" என்று இன்னும் யாராவது எழுதினால் எனக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது. நம்மூரில் டிஸ்கோ என்றால் பளபளா சட்டையும் சுழலும் கண்ணாடி உருண்டையும்தான் ஞாபகம் வரும். சிகாகோவில் நடந்தது அவ்வளவு வேடிக்கையான கதை இல்லை.

1979 ஜூலை 12, காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். டிஸ்கோவைத் திட்டியே பேர் வாங்கியவர் ரேடியோ அறிவிப்பாளர் ஸ்டீவ் டால். உடைப்பதற்கு ஒரு டிஸ்கோ ரெக்கார்டு கொண்டுவந்தால் டிக்கெட் 98 சென்ட்தான் என்று அறிவிப்பு. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ரெக்கார்டுகளைக் குவித்து வெடிவைத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் உள்ளே குதித்துத் தரையை நாசமாக்கியதில் இரண்டாவது ஆட்டமே நடக்கவில்லை. அன்று அங்கே இருக்கை காட்டும் வேலையில் இருந்த கறுப்பின இளைஞர் வின்ஸ் லாரன்ஸ் பிற்பாடு சொன்னதுதான் விஷயம்: வந்து விழுந்தவற்றில் பல டிஸ்கோவே இல்லையாம், வெறுமனே கறுப்பர்களின் ரெக்கார்டுகளாம். இனவெறி எதுவும் இல்லை என்பது டாலின் வாதம். அவர் மனசில் என்ன இருந்ததோ, கூட்டத்தின் கையில் என்ன இருந்தது என்பதுதான் எனக்குக் கணக்கு.

அதே ஊரில் 1977லிருந்தே வேர்ஹவுஸ் கிளப் ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் தன்பாலீர்ப்பாளர்கள். வேறெங்கும் நிம்மதியாக ஆட முடியாதவர்கள். டிஜே பிராங்கி நக்கிள்ஸ், நியூயார்க்காரர். பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைவிட்டதும் போடுவதற்குப் புதுப் பாட்டு கிடைக்கவில்லை. இருப்பதையே டேப்பில் வெட்டி ஒட்டி, தாளத்தை நீட்டி நீட்டிப் போட்டார். அதிலிருந்து கிளைத்ததுதான் ஹவுஸ். 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் வெளியிட்ட 'ஆன் அண்ட் ஆன்' முதல் ஹவுஸ் ரெக்கார்டு என்பார்கள். அவரோடு சேர்ந்து அதை எழுதியவர் யார் தெரியுமா? அதே வின்ஸ் லாரன்ஸ்!

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த கதை. பேஸ் கிட்டாருக்குப் பதிலாக என்று ரோலண்ட் கம்பெனி 1981இல் இறக்கிய டிபி-303 கருவி, கிட்டார் மாதிரி ஒலிக்கவே இல்லை. சில வருஷத்தில் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். செகண்ட்ஹேண்டில் சல்லிசாக வாங்கிய சிகாகோவின் ஃபியூச்சர் இசைக்குழுவினர் அதன் திருகுகளை இஷ்டத்துக்குத் திருப்ப, விநோதமாக ஒரு நெளிசல் சத்தம் வந்தது. அதே ஊரின் மியூசிக் பாக்ஸ் கிளப்பில் டிஜே ரான் ஹார்டி அந்தச் சத்தத்தைப் பதிந்த டேப்பை ஒரே ராத்திரியில் நாலு தடவை போட்டாராம். முதல் தடவை ஆடுதளம் காலி. நாலாவது தடவை வெறியாட்டம். 1987இல் அது 'ஆசிட் டிராக்ஸ்' ஆக வெளிவந்தது. ஹவுஸின் ஒரு கிளையான ஆசிட் ஹவுஸ் அதிலிருந்து வந்ததுதான்.

இந்த இசையைப் படைத்தது டிஜேயா, மெஷினா என்று சண்டை போடுகிறார்கள். நான் ஆடினவர்கள் கட்சி. அந்த ராத்திரி கூட்டம் எரிச்சலோடு வீட்டுக்குப் போயிருந்தால் ஆசிட் ஹவுஸ் ஏது?

இன்றைக்கு டிஜே ஆளுயர மேடையில் நிற்கிறார், கீழே ஆட வேண்டியவர்கள் போனைத் தூக்கிப் பிடித்தபடி அவரையே பார்த்து நிற்கிறார்கள். காசுள்ளவருக்கு முன்வரிசை டேபிள், பாட்டிலோடு. அந்தக் காலத்து நியூயார்க்கின் பாரடைஸ் கராஜ் கிளப்பில் மது விற்றதே இல்லை. டிஜே லாரி லெவன் பாட்டுப் போடப்போட விடிய விடிய ஆடினார்கள்.

"அப்புறம் நீ மட்டும் ஏன் கிளப்புக்குப் போற?" என்று கமெண்டில் கேட்பீர்கள். ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் போவேன், மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடுவேன்.