லெவி 10,800 வெள்ளி, பயிற்சிக்கு 24

சிங்கப்பூர்க் கட்டுமானத் துறையில் ஆர்2, அதாவது அடிப்படைத் திறன் பிரிவில் வேலை செய்யும் நம் ஊர்க்காரர் ஒருவருக்காக முதலாளி அரசுக்கு மாதம் 900 வெள்ளி லெவி, அதாவது வெளிநாட்டு ஆளை வேலைக்கு வைப்பதற்கான கட்டணம், கட்டுகிறார். ஆண்டுக்கு 10,800. அதே ஆளுக்கு முதலாளி கட்டும் திறன் மேம்பாட்டுத் தீர்வை சம்பளத்தில் 0.25 விழுக்காடு. 800 வெள்ளி சம்பளம் என்றால் மாதம் 2 வெள்ளி, ஆண்டுக்கு 24. பயிற்சி நிதிக்கென்று போவது இந்த 24 தான். லெவி முழுவதும் அரசின் பொது வருவாயில் சேர்ந்துவிடுகிறது.

லெவி என்பது வெளிநாட்டு ஆட்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் கருவி என்கிறது மனிதவள அமைச்சு. ஆனால் திறனை உயர்த்தவும் அதையேதான் நம்பியிருக்கிறார்கள். ஆள் ஆர்1, அதாவது உயர்திறன் பிரிவுக்குப் போனால் லெவி மாதம் 500 ஆகக் குறையும். ஒர்க் பெர்மிட் ஆட்களில் 10 விழுக்காடாவது ஆர்1 இல்லாத கம்பெனி புதிதாக ஆர்2 ஆள் எடுக்க முடியாது.

பிறகு ஏன் முதலாளிகள் பயிற்சி கொடுக்கத் தயங்குகிறார்கள்? பெர்மிட் முடிய 40 முதல் 21 நாள் இருக்கும்போது, முதலாளி சம்மதம் இல்லாமலே ஆள் வேறு கம்பெனிக்கு மாறலாம். அருமையான உரிமை, அதில் யாரும் கைவைக்கக் கூடாது. ஆனால் பயிற்சிச் செலவு ஒருவருக்கு, பலன் அடுத்தவருக்கு என்றால் எந்த முதலாளி செலவு செய்வார்? கடைசியில் அந்தச் சுமை தொழிலாளி தலையில் விழுகிறது. சிங்கப்பூர் வேலைக்கான திறன் தேர்வை ஊரில் எழுத, அதாவது டெஸ்ட் அடிக்க, வாங்கிய கடனே பலருக்கு அடைந்திருக்காது. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுப் பயிற்சித் திட்டத்தின் கட்டண மானியமும் பெரும்பாலும் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான்.

லெவியில் பத்தில் ஒரு பங்கை, அதாவது மாதம் 90 வெள்ளியை, துறைக்கான பொதுப் பயிற்சி நிதியாகச் சட்டத்திலேயே ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. எல்லாக் கம்பெனியும் போட்ட பணம் என்றால் ஆள் மாறினாலும் யாருக்கும் நட்டமில்லை. அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் வரும் வெளிநாட்டு ஊழியருக்கு முதலாளி கட்டும் 1,500 டாலர் பயிற்சிக் கட்டணத்தை இப்படித்தான் சட்டம் பிரிக்கிறது: பாதி தொழில் பயிற்சிக்கு, 30 விழுக்காடு கல்வி உதவித்தொகைக்கு. அங்கே பயன் உள்ளூர்க்காரர்களுக்குப் போகிறது. சிங்கப்பூரில் அது லெவிக்குரிய தொழிலாளிக்கே போகட்டும்.

அதுவரை இரண்டு விஷயம். லெவி முதலாளியின் செலவு. அதைச் சம்பளத்தில் பிடிப்பது குற்றம், அமைச்சிடம் புகார் கொடுக்கலாம். அடுத்தது, ஆறாண்டு அனுபவமும் 1,600 வெள்ளி நிலையான மாதச் சம்பளமும் இருந்தால் புதிதாகத் தேர்வு எழுதாமலே ஆர்1 ஆக வழி இருக்கிறது. 1,200 வாங்குபவரை 1,600-க்கு உயர்த்தினால் முதலாளிக்குக் கூடும் செலவு 400, லெவியில் குறைவதும் 400. பெர்மிட் புதுப்பிக்கும் முன்பே இந்தக் கணக்கை எழுதிக் கொண்டுபோய் முதலாளியிடம் காட்டுங்கள்.