வீட்டின் அமைப்பு தெரிந்தவர்களே உள்ளே போகலாம்

துணிச்சலும் நவீன ஆயுதமும்தான் கமாண்டோ நடவடிக்கைகளை ஜெயிக்க வைக்கின்றன என்கிறது அவற்றைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை. எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது.

செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் எங்கள் ஆயா (பாட்டி) வீட்டு முகப்பு ஒரு தெருவில் இருக்கிறது, பின்வாசல் அடுத்த தெருவில். வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். பகலிலேயே புதிதாக வருபவர்கள் எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று தெரியாமல் நிற்பார்கள். இருட்டில், துப்பாக்கியோடு என்றால்?

1976 ஜூலையில் உகாண்டாவின் என்டெபி விமான நிலையத்தில், கடத்தப்பட்ட விமானத்தின் பயணிகளை மீட்ட இஸ்ரேலியர்களுக்கு அந்தக் கட்டடத்தின் அமைப்பு தெரியும். கட்டியதே ஓர் இஸ்ரேலிய நிறுவனம். முன்பே விடுவிக்கப்பட்ட பயணிகளிடமும் கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் ஒத்திகை. அப்படியும் தாக்குதல் படையின் தளபதி யோனதன் நெதன்யாகு உயிரிழந்தார்.

1980 ஏப்ரலில் தெஹ்ரானில் பிணைக்கைதிகளாக இருந்த தம் நாட்டவரை மீட்க ஈரானுக்குப் போன அமெரிக்கப் படையினரிடம் துணிச்சல் குறைவா? குறைந்தது ஆறு ஹெலிகாப்டர் வேண்டும், எட்டு கிளம்பின. புழுதிப்புயல், இயந்திரக் கோளாறு என்று ஐந்துதான் மிஞ்சின. திட்டத்தைக் கைவிட்டுத் திரும்பும்போது ஒரு ஹெலிகாப்டர் விமானத்தில் மோதி 8 பேர் பலி. எல்லாப் பிரிவுகளும் சேர்ந்து முழு ஒத்திகை பார்த்ததே இல்லை.

நம் பக்கத்திலேயே 1987 அக்டோபரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விடுதலைப் புலிகளின் தலைவர்களைப் பிடிக்க இந்தியப் படை ஹெலிகாப்டரில் இறங்கியதே, அதைக் கட்டுரை தொடவே இல்லை. இந்தியப் படையின் ரேடியோ பேச்சைப் புலிகள் முன்பே ஒட்டுக்கேட்டிருந்தார்கள். இறங்கிய சீக்கியப் படைப்பிரிவின் 30 பேரில் 29 பேர் இறந்தார்கள். அவர்களின் வீரத்தில் என்ன குறை? தயவுசெய்து அதையும் விரிவாக எழுதுங்கள்.